வாளி இறங்கிய பிறகு

மலேசியாவின் டெங்கிலில் என் பெரியம்மா வீட்டுக்கு மூன்று மாடி ஏற வேண்டும். மின்தூக்கி கிடையாது. கூடத்தில் சாமிப் படங்களுக்குக் கீழே ஓர் அலமாரி. அதில் எண்ணெய்ப் புட்டிக்கும் விபூதிக்கும் பக்கத்தில் ஐந்து டப்பாக்கள் வரிசையாக நிற்கும்: எலும்புக்கென்று விற்கும் பால்மாவு, கால்சியம் மாத்திரை, குளுக்கோசமைன், கொலாஜன் தூள், பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கறுப்பு உருண்டைகள். கேட்டால், "எல்லாம் எலும்புக்குத்தான்யா. வயசாச்சுல்ல" என்பார். சொல்லிக்கொண்டே நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு முனகலோடு எழுந்து தேநீர் போடப் போவார். அந்த டப்பாக்களைவிட, அவர் எழுந்த விதம்தான் எனக்குக் கவலை தந்தது.

இந்தப் பெரியம்மா ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டத்தில் பால் வெட்டியவர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் படைவீரர்கள் 1921இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டம் அது. மலாயில் அந்தப் பெயருக்குப் 'பெரும் போர்' என்று பொருள். அங்கே உருவாக்கிய பி.பி.86 என்ற ரப்பர் ஒட்டுரகம் உலகத் தோட்டங்களுக்கெல்லாம் போனது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; 1990களில் செம்பனையும் போய்ப் புத்ராஜெயா நகரம் வந்தது. பிராங் பெசாரிலும் அதை ஒட்டியிருந்த தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. அந்தக் கட்டடங்களின் விரிசல்களும், தரைவீடு தருவதாகச் சொன்ன வாக்குறுதியும் நாளிதழ்களில் பல ஆண்டுகளாக ஓடிய செய்தி. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் உடலின் கதை. விடியுமுன் பெரட்டு எனும் பெயரழைப்பு, தலையில் விளக்கு, கையில் உளி, நிரை நிரையாக நடை, மங்கு மங்காகப் பால் எடுத்து ஊற்றி, காண்டாக்கம்பின் இருபுறமும் வாளி தொங்க, மேடும் பள்ளமுமான காட்டில் கொட்டகைவரை சுமை. முப்பது ஆண்டு அப்படி வாழ்ந்த தோள் ஒருநாள் வாளியை இறக்கி வைத்தது. இறக்கிய பிறகு அந்தத் தோளுக்குள் இருக்கும் எலும்புக்கு என்ன ஆகிறது, அதற்கு உடற்பயிற்சி எவ்வளவு உதவும், டப்பாக்கள் எவ்வளவு உதவும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கியாக வேண்டும். நம் வீடுகளில் 'எலும்பு தேய்மானம்' என்று ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு நோய்களை அழைக்கிறோம். முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு கரைந்து, உட்கார்ந்தால் எழ முடியாமல் வலிப்பது மூட்டுத் தேய்மானம். எலும்பின் உள்ளே இருக்கும் சல்லடை மெலிந்து, சல்லடைக் கண்கள் பெரிதாகி, தட்டினால் முறியும் நிலைக்குப் போவது எலும்புப்புரை. முதலாவது வலிக்கும். இரண்டாவது வலிக்கவே வலிக்காது. குளியலறையில் வழுக்கி, கை ஊன்றி, மணிக்கட்டு முறியும் அன்றுதான் அது இருப்பதே தெரியும். முதுகெலும்பில் முறிவு வந்தால் அன்றும் தெரியாது. ஆள் ஓர் அங்குலம் குள்ளமாவார், சேலை தரையில் புரளும், முதுகு வளையும். 'கூன் விழுந்திருச்சு, வயசு' என்று சொல்லிவிடுவோம். அந்தக் கூன் பல நேரம் நொறுங்கிப்போன முள்ளெலும்பு. பெயர்க் குழப்பத்தால் பண விரயமும் நடக்கிறது. முழங்கால் வலிக்காக விற்கும் குளுக்கோசமைனை எலும்புக்கு வலுவென்று நம்பி வாங்குகிறார்கள். அது மூட்டுக்கே உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எலும்பின் அடர்த்தியோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

இங்கே பேசப்போவது எலும்புப்புரையைப் பற்றி. மாதவிலக்கு நின்ற பிறகு வரும் சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சட்டென்று வற்றுகிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்கள் கட்டும் அணுக்களை முந்திக்கொள்கின்றன. அந்தக் காலத்து இழப்புதான் இருபது ஆண்டு கழித்து இடுப்பில் தெரிகிறது. மலேசியாவில் 1997ஆம் ஆண்டுக்கான கணக்குப்படி, ஐம்பது வயதைக் கடந்தோரில் ஒரு லட்சம் பேருக்கு 90 பேர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனை வந்தார்கள். சீனப் பெண்கள் மட்டுமே அதில் 44.8 விழுக்காடு. மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் விகிதம் குறைவு. இதைப் படித்துவிட்டு 'அது சீனத்தியர் நோய், நமக்கில்லை' என்று நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த நிம்மதி சரியல்ல. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. நாட்டின் இனங்களில் அதுவே மிக அதிகம். இனிப்புநீர்க்காரரின் எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் தரம் கெட்டிருக்கும். அடர்த்தி எண் காட்டுவதைவிட அதிகமாகவே முறியும். பாதத்தில் உணர்ச்சி மரத்து, கண் மங்கி, மாத்திரையால் சர்க்கரை இறங்கித் தலைசுற்றி விழுவது வேறு. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோவதை உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை.

இனி உடற்பயிற்சி. எலும்பு ஒரு கல்லல்ல. பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும் திசு. ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே இதை நூலாக எழுதினார். எடையற்ற வெளியில் மிதக்கும் விண்வெளி வீரர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடுவரை இழக்கிறார்கள். நல்ல சாப்பாடு, நல்ல உடல், இளம் வயது எல்லாம் இருந்தும் பாரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. வாளி சுமந்த காலத்துப் பலனை எலும்பு வங்கியில் போட்டு வைப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். முப்பது ஆண்டு சுமந்தவர் பத்தாண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தால், எலும்பு நாற்காலிக்கு ஏற்பத்தான் தன்னை அமைத்துக்கொள்ளும். தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. அரை வயிற்றுக் கஞ்சி, அடுத்தடுத்துப் பேறு, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓட்டம் என்று அதன் மறுபக்கமும் உடம்பில்தான் எழுதியிருக்கிறது.

'தினமும் நடங்கள்' என்பதுதான் எல்லாக் கிளினிக்கிலும் கிடைக்கும் அறிவுரை. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனத்துக்கு நல்லது. ஆனால் எலும்படர்த்திக்கு நடை மட்டும் போதாது என்பதில் ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. முதுகெலும்பில் அதனால் மாற்றமே தெரிவதில்லை. தொடையெலும்பின் கழுத்தில் சிறிதளவு. காரணம் எளிது. எலும்பு பழகிப்போன பாரத்தைப் பொருட்படுத்தாது. எப்போதும் நடக்கும் நடைக்கு அது ஏற்கெனவே தயாராகத்தான் இருக்கிறது. பழக்கத்துக்கு மேற்பட்ட பாரமோ சட்டென்று வரும் அதிர்ச்சியோதான் அதை எழுப்பும்.

எவ்வளவு பாரம்? இங்கேதான் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழு நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனை எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. எலும்படர்த்தி குறைந்த, மாதவிலக்கு நின்ற 101 பெண்கள். சராசரி வயது 65. வாரத்தில் இரண்டு நாள், அரை அரை மணி நேரம், எட்டு மாதம். ஒரு பாதிக்கு வீட்டில் செய்யும் இலேசான பயிற்சி. மறு பாதிக்கு இரும்புத் தண்டைத் தரையிலிருந்து தூக்குவது, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் உயர்த்துவது, கம்பியைப் பிடித்து எம்பித் தொப்பென்று இறங்குவது. எடையும் பெயருக்கு அல்ல. ஒருவர் ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல். இலேசாகச் செய்தவர்களின் கீழ்முதுகு எலும்படர்த்தி 1.2 விழுக்காடு இறங்கியது. பாரம் தூக்கியவர்களுக்கு 2.9 விழுக்காடு ஏறியது. எல்லோரும் பயந்த எலும்பு முறிவு நடக்கவில்லை. ஒருவருக்கு முதுகுப் பிடிப்பு, அவ்வளவுதான். அறுபத்தைந்து வயதுப் பெண்ணிடம் 'பாரம் தூக்காதீர்கள்' என்று சொல்லிச் சொல்லியே பலவீனமாக்கிய பழக்கத்தை அந்த 101 பெண்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே அரிசி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம். அந்தச் சோதனையில் ஒவ்வொரு அசைவையும் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்த்தார். முதல் மாதம் வெறும் முறை பழகவே போனது. அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மெஹர்ஷீத் சினாக்கி 1984இல் வெளியிட்டது. எலும்புப்புரை உள்ள 59 பெண்களைப் பிரித்துப் பயிற்சி தந்தார்கள். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்குப் புதிய முள்ளெலும்பு முறிவு. முன்னோக்கிக் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் சிறியதல்ல. நம் கோயில் மண்டபங்களில் நடக்கும் யோகா வகுப்புகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். காலை நீட்டி உட்கார்ந்து நெற்றியை முழங்காலில் வைக்கும் ஆசனம் முப்பது வயதுக்காரிக்கு நல்லது, கூன் விழத் தொடங்கிய எழுபது வயதுப் பெண்ணுக்கு ஆபத்து. குட்டை விளக்குமாற்றால் குனிந்து பெருக்குவதும், தரையிலிருக்கும் தண்ணீர் வாளியை முதுகை வளைத்துத் தூக்குவதும் அதே கணக்கில்தான் வரும். நீளக் கைப்பிடி போட்ட துடைப்பம் ஒன்று வாங்கித் தருவது பல டப்பாக்களைவிட உருப்படியான செலவு. சினாக்கியே பின்னர் 2002இல் இன்னொரு நல்ல செய்தியும் சொன்னார். குப்புறப் படுத்து, முதுகில் சிறு எடைப்பையை வைத்து நிமிரும் பயிற்சியை இரண்டு ஆண்டு செய்த பெண்களைப் பத்தாவது ஆண்டில் பார்த்தபோது, செய்யாதவர்களுக்கு முள்ளெலும்பு முறிவு 2.7 மடங்கு இருந்தது.

இன்னொரு கோணமும் உண்டு. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. விழாதவருக்கு இடுப்பு முறிவது அரிது. எலும்பைக் கெட்டிப்படுத்துவது ஒரு வழி என்றால், விழாமல் பார்த்துக்கொள்வது அதைவிடக் குறுக்கு வழி. 2019இல் கேத்தரின் ஷெரிங்டன் குழு, 108 சோதனைகளையும் 23,407 முதியவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டது. உடற்பயிற்சி விழுதல்களை 23 விழுக்காடு குறைத்தது. உடலின் சமநிலைக்கான பயிற்சியோடு தசைப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு இன்னும் கூடியது. ஒற்றைக் காலில் நிற்பது, அடுப்புத் திண்டைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, பக்கவாட்டில் அடி வைப்பது என்று கருவி எதுவும் கேட்காத பயிற்சிகள் இவை. சீனப் பெரியவர்கள் விடிகாலைப் பூங்காவில் செய்யும் தாய்ச்சியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். நம் பெண்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். போய்ச் சேர்ந்துகொள்ள யாரும் தடை சொல்லப் போவதில்லை.

ஆனால் நம் ஊர் அனுபவம் ஒன்று கையைக் கட்டிப்போடுகிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், ஏற்கெனவே விழுந்த வரலாறு உள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 268 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2018இல் வந்தது. ஆளுக்கு ஆள் பார்த்து, வீட்டுப் பயிற்சி, கண் பரிசோதனை, மருந்து மறுபார்வை, வீட்டுத் தரை திருத்தம் என்று எல்லாம் செய்தும், விழுதல் குறையவில்லை. பயிற்சியே வீண் என்று இதை நான் படிக்கவில்லை. ஏற்கெனவே விழுந்துகொண்டிருப்பவர் பல நோய்களைச் சுமப்பவர்; அவரிடம் தொடங்குவது தாமதம். தனியே வீட்டில் ஒரு தாளைப் பார்த்துச் செய்யும் பயிற்சி இரண்டாவது வாரத்தில் நின்றுவிடும் என்பதும் மனித இயல்பு. சேர்ந்து செய்ய இடம் இல்லாமலும் இல்லை. அரசுக் கிளினிக்குகளில் மூத்தோர் கழகங்கள் இருக்கின்றன. சமூக நலத்துறையின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. அங்கே போன நாட்களில் நான் பார்த்த கூட்டத்தில் தமிழ்ப் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. 'மலாய்க்காரங்க ஆடுவாங்க, நாம எப்படி' என்ற தயக்கம். கோயிலில் வெள்ளிக்கிழமை கூடும் அதே பெண்களைப் பூசைக்கு முன் இருபது நிமிடம் எழுந்து உட்கார வைக்க ஒருவர் முன்வந்தால், அது ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள எந்தத் திட்டத்துக்கும் குறைந்ததாக இருக்காது.

இப்போது டப்பாக்களுக்கு வருவோம். பால்மாவுக்கு ஆதரவாக நம் வாசலிலேயே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. வினி சீயும் அவர் தோழர்களும் 55 முதல் 65 வயதுவரையான 200 மலேசியச் சீனப் பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி தினமும் 50 கிராம் கால்சியம் மிகுந்த கொழுப்பு நீக்கிய பால்மாவு குடித்தது. அதில் 1,200 மில்லிகிராம் கால்சியம். மறு பாதி வழக்கமான சாப்பாடு. இரண்டு ஆண்டு முடிவில் இடுப்பில் வழக்கச் சாப்பாட்டுப் பெண்கள் 2.17 விழுக்காடு எலும்பை இழந்திருந்தார்கள். பால் குடித்தவர்கள் 0.50. 2003இல் வந்த இந்த முடிவு உண்மையான பலன்தான். பால் எலும்பை வளர்க்கவில்லை, கரைவதை மெதுவாக்கியது. அதையும் கவனிக்க வேண்டும். சோதனை அளந்தது அடர்த்தியை, முறிவை அல்ல. அதில் இருந்தவர்கள் அனைவரும் சீனப் பெண்கள். அடுத்த ஆண்டு கோலாலம்பூர்ப் பெண்களின் வைட்டமின் டி அளவை ஆராய்ந்தபோதும் மலாய்ப் பெண்களையும் சீனப் பெண்களையும்தான் அளந்தார்கள். மூன்றாவதாக நாம் இருக்கிறோம் என்பது அந்த அட்டவணைகளைப் பார்த்தால் தெரியாது.

முறிவையே அளந்த சோதனை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்தது. 60 முதியோர் இல்லங்கள், 7,195 பேர். பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டியைக் கூட்டினார்கள். மாத்திரை இல்லை, சாப்பாடுதான். மொத்த முறிவுகள் 33 விழுக்காடும், இடுப்பு முறிவு 46 விழுக்காடும் குறைந்தன. 2021இல் வந்த இந்த முடிவில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை: சமையற்கட்டில் முடிந்த வைத்தியம்.

மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்கிறது. நம் அடுப்பங்கரைப் பெருமைகளை இந்த எண்ணோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஒரு குவளைக் கூழுக்கு விழும் மாவோ முப்பத்தைந்து கிராம்தான். ஆக 120 மில்லிகிராம், அரைக் குவளைப் பாலுக்குச் சமம். அதிலும் தானியத்தின் ஃபைட்டேட் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாவைப் புளிக்கவைத்தாலோ தானியத்தை முளைகட்டினாலோ அந்தப் பிடி தளரும். புளித்த கூழுக்கு மோர் ஊற்றிக் குடித்த பழக்கம் இந்த வகையில் கெட்டிக்காரத்தனம். முருங்கைக்கீரை நல்லது, கொல்லையில் இலவசமாகவும் வளரும். பசலையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைக் கட்டிப்போடுகிறது. உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஐந்து விழுக்காடு போல, பாலிலிருந்து எடுப்பது நான்கில் ஒரு பங்குக்கு மேல். எலும்போடு தின்னும் நெத்திலி சிறந்தது, ஆனால் உப்பைக் கழுவியாக வேண்டும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடப் போகும். சோயாவில் செய்யும் தவ்வும் தெம்பேயும் இந்த நாடு நமக்குத் தந்த கொடை, சைவக்காரர்களுக்குக் குறிப்பாக. பெரியம்மா நாளுக்கு நான்கு முறை குடிக்கும் தே தாரேக் பாலாகக் கணக்கில் வராது. மலிவான டின்பாலில் பெரும்பகுதி சர்க்கரையும் செம்பனை எண்ணெயும்தான்.

ஊர்ச் சாப்பாடு காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்குத் திருப்பதியில் நடந்த ஆய்வு ஓர் அடி கொடுத்தது. சி. வி. ஹரிநாராயண் குழு 2007இல் வெளியிட்டது அது. நகரத்தாரும் கிராமத்தாரும் உண்ட உணவில் கால்சியம் குறைவு, ஃபைட்டேட் அதிகம், வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக. வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி இல்லை! நம் நாடும் அப்படித்தான். நான் சொன்ன கோலாலம்பூர் ஆய்வில் மலாய்ப் பெண்களின் சராசரி 44.4, சீனப் பெண்களின் சராசரி 68.8 (லிட்டருக்கு நானோமோல் கணக்கில், ஐம்பதுக்குக் கீழ் போதாது என்பது பரவலான கோடு). நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருந்துகொண்டு வெயிலுக்கு ஒளிகிறோம். கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் செய்யக் கூடுதல் வெயில் வேண்டும். காட்டில் வேலை செய்தவருக்கு அது கேட்காமலே கிடைத்தது. மூன்றாம் மாடியில் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பவருக்குக் கிடைக்காது.

அப்படியென்றால் மாத்திரை போட்டுவிடலாமே? இங்கே ஆய்வுகள் சண்டை போடுகின்றன. 1992இல் பிரான்சில் சராசரி வயது 84 ஆன 3,270 மூதாட்டிகளிடம் மேரி சாப்பி நடத்திய சோதனையில், கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் சேர்ந்து பதினெட்டே மாதத்தில் இடுப்பு முறிவை 43 விழுக்காடு குறைத்தன. 2006இல் அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில் அந்தப் பலன் தெளிவாக வரவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 விழுக்காடு கூடியது. 2022இல் 25,871 பேரிடம் நடந்த இன்னொரு அமெரிக்கச் சோதனையில் தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி முறிவைக் குறைக்கவே இல்லை. முரண்பாடு போலத் தெரியும். கூர்ந்து பார்த்தால் இல்லை. பிரெஞ்சு மூதாட்டிகள் வெயில் காணாமல், சத்துக் குறைந்து, இல்லங்களில் அடைந்து கிடந்தவர்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தவர்கள். காலிக் குடத்தில் ஊற்றினால் நிறையும், நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியும். டெங்கில் மூன்றாம் மாடிக்காரர் அந்த அமெரிக்கர்களைவிட அந்தப் பிரெஞ்சு மூதாட்டிக்கு நெருக்கமானவர் என்பது என் கணிப்பு. அதனால் வைட்டமின் டியை ஒருமுறை இரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் நாள்தோறும் 800 யூனிட் அளவில் எடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன்.

எதிர்ப்பது பெருவேட்டு வைத்தியத்தை. சென்னைக்குப் போய்வரும்போது ஆறு லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொண்டு, 'ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை' என்று திரும்புகிறவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2,256 மூதாட்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு: விழுதல் 15 விழுக்காடும் முறிவு 26 விழுக்காடும் கூடின. கால்சியம் மாத்திரையிலும் சில நடைமுறைகள் உண்டு. ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் குடல் சரியாக ஏற்காது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கு அமிலத்தை அடக்கும் மாத்திரை எடுப்பவருக்கு சிட்ரேட் வகை பொருந்தும். தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாக வேலை செய்யாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பெரியம்மா இரண்டையும் ஒரே கையில் வைத்து ஒரே மிடறில் முழுங்கிக்கொண்டிருந்தார், பல ஆண்டுகளாக.

மிச்ச டப்பாக்களை வேகமாகக் கடந்துவிடலாம். கொலாஜன் தூளுக்குச் சாட்சியம் மெலிது, விலை தடிமன். பிரண்டைத் துவையலை நானே விரும்பித் தின்பவன். புளி போட்டு நாக்கு அரிப்பை அடக்கினால் அதற்கு ஈடில்லை. ஆனால் எலும்பு ஒட்டும் என்ற பெயருக்கு மனிதரிடம் நடந்த சோதனைகள் சிறியவை. செம்பனை எண்ணெயிலுள்ள டோகோட்ரைனால் என்ற வைட்டமின் ஈ வகையைப் பற்றி மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இமா நிர்வானா சுலைமான் குழு பல ஆண்டுகளாக எலிகளிடம் ஆராய்ந்து நம்பிக்கையூட்டும் முடிவுகள் தந்திருக்கிறது. டெக்சாசில் 89 பெண்களிடம் பன்னிரண்டு வாரம் டோகோட்ரைனால் கொடுத்தபோது, எலும்பு கரைவதைக் காட்டும் குறிகள் இறங்கின. அது இரத்தத்திலும் சிறுநீரிலும் தெரிந்த மாற்றம். முறிவு குறைந்ததென்று காட்ட அது போதாது. பால்மரத்தை வெட்டிவிட்டு நட்ட செம்பனை, பால் வெட்டியவளின் எலும்புக்கு மருந்தாகத் திரும்பி வருமானால் வேடிக்கைதான், இன்னும் வரவில்லை.

கறுப்பு உருண்டைதான் விஷயம். மூட்டு வலிக்கென்று சந்தையிலும் வீடு தேடியும் விற்கும் ஜாமு என்ற நாட்டு மருந்து வகைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. தின்ற இரண்டாம் நாள் வலி பறந்துவிடும், முகம் உப்பும், பசி எடுக்கும். 'என்ன அருமையான மருந்து' என்று பக்கத்து வீட்டுக்கும் வாங்கித் தருவார்கள். எலும்பைக் கரைப்பதில் அதற்கு நிகர் குறைவு. சர்க்கரையையும் ஏற்றும். பதிவு பெற்ற பொருளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். பெரியம்மாவின் டப்பாவில் ஒரு கிழவரின் படம் மட்டும் இருந்தது. ஆனால் நெடுநாள் தின்றவர் அதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும். டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம்தான் போக வேண்டும். போனோம்.

போவதற்கு முன் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். ஆசியப் பெண்களுக்கென்று எட்டு நாடுகளின் தரவை வைத்து 2001இல் உருவாக்கியது. பேனாவும் தாளும் போதும். கிலோவில் எடையிலிருந்து வயதைக் கழித்து, வந்ததை ஐந்தால் வகுக்க வேண்டும். விடை கழித்தல் ஒன்றுக்கு மேல் என்றால் ஆபத்து குறைவு, கழித்தல் நான்குக்கும் கீழே என்றால் அதிகம், இடைப்பட்டால் நடுத்தரம். பெரியம்மாவுக்கு எடை 46, வயது 73. கழித்தல் 5.4. இந்தக் கணக்குக்கு நீரிழிவும் தெரியாது, கறுப்பு உருண்டையும் தெரியாது. நல்ல எடையுள்ள இனிப்புநீர்க்காரருக்குப் பொய்யான தைரியம் தரும். இவரைப் போன்ற ஒல்லியான பெண்ணை எலும்படர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அனுப்ப மட்டும் போதுமானது. ஸ்கேனில் டி ஸ்கோர் என்ற அடர்த்தி எண் கழித்தல் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியவருக்குப் பால்மாவும் பயிற்சியும் துணைதான். வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் போன்ற மருந்துதான் முதன்மை. வெறும் வயிற்றில் முழுக் குவளைத் தண்ணீரோடு எடுத்து, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மருந்து அது. 'இத்தனை டப்பா வாங்குனேனே, இது போதாதா' என்று கேட்கும் பெண்ணிடம் இதைச் சொல்வது மருத்துவருக்கும் எளிதல்ல.

தாமான் பெர்மாத்தாவின் படிகளில் ஏறும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆய்வு கண்முன் வருகிறது. ஒரே வகை உழைப்பைப் பல ஆண்டு செய்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் நிறுத்தி, ஒரே கட்டடங்களுக்குக் குடிவந்து, ஒரே படிகளில் ஏறி இறங்கும் பெண்கள். கீழ்மாடிக்காரர்களும் மேல்மாடிக்காரர்களும். பாரம் எலும்புக்கு என்ன செய்கிறது என்று கேட்கும் ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் வேறெங்கே கிடைக்கும்? புத்ராஜெயா மருத்துவமனை பக்கத்து ஊரில் இருக்கிறது, அவர்கள் பால் வெட்டிய வட்டாரத்திலேயே. அந்தப் பெண்களுக்கு இப்போது எழுபது, எழுபத்தைந்து, எண்பது. போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் இடையில் பெரியம்மாவின் தளத்தில் மட்டும் இரண்டு கதவுகள் பூட்டிவிட்டன.

ஸ்கேன் நாள் அடுத்த மாதம் பதினான்கு. அதுவரை காலையிலும் மாலையிலும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துமுறை எழச் சொல்லியிருக்கிறார் பயிற்சி கொடுக்கும் பெண். முதல் வாரம் நான்குமுறைதான் முடிந்தது. நேற்று தொலைபேசியில் பெரியம்மா ஏழு என்றார்.